வெற்றியின் உளவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாட்டு, தொழில், அன்றாட வாழ்க்கை என்று எந்தப் பக்கம் போனாலும் வெற்றியைப் பற்றி மக்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைத் தொகுத்து, ஆய்வுகள் சொல்வதை முடிந்தவரை நேராக எழுதியிருக்கிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நெருக்கடி வந்த பிறகு மனத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களைவிட, அது வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்து வைத்தவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்தக் கருத்தை ஒட்டியே போகும்.

ஜெயிக்கிறவர்களின் மனசே வேறு மாதிரியா?

கொஞ்சம் வேறு மாதிரிதான், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஒழுங்கும் பொறுப்புணர்வும் உள்ளவர்கள், எடுத்த காரியத்தை முடித்துவிட்டு எழுந்திருக்கும் சுபாவம் உள்ளவர்கள், படிப்பிலும் வேலையிலும் சற்று முன்னால் நிற்கிறார்கள். இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். 2007-இல் ஏஞ்சலா டக்வர்த்தும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 'கிரிட்' என்ற பெயரில் விடாப்பிடியை அளக்க ஒரு வழி சொன்னபோது, வெற்றியின் ரகசியமே கிடைத்துவிட்டது போலப் பலர் கொண்டாடினார்கள். பத்து வருடம் கழித்து, அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பழைய பொறுப்புணர்வுக் குணத்திலிருந்து அது பெரிதாக விலகி நிற்கவில்லை, வெற்றியோடு அதற்குள்ள தொடர்பும் மிதமானதுதான் என்று தெரிந்தது.

சுபாவத்தை மாற்றுவது கஷ்டம். ஆனால் ஒரே சுபாவமுள்ள இருவரில் ஒருவர் சமாளிப்பதும் இன்னொருவர் தடுமாறுவதும் பெரும்பாலும் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயங்களால்தான். இனி வருவது முழுக்க அவற்றைப் பற்றியது.

தன்னம்பிக்கை இருந்தால்தான் ஜெயிக்கலாம் என்கிறார்கள். ஜெயித்தால்தானே தன்னம்பிக்கையே வரும்?

நியாயமான கேள்வி. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதற்கு நல்ல விளக்கம் கொடுத்தார். "இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார். நாமே செய்து பார்த்தது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லி ஊக்குவித்தது, அந்த நேரத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்பது. இந்த நான்கில் முதலாவதுதான் வலுவானது. மற்றவர்கள் வாயால் தரும் ஊக்கம் ஒரு தோல்வியிலேயே கரைந்துவிடும்.

அப்படியானால் தொடங்குவது எங்கே? கையெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன வேலையில். மேடையில் பேசப் பயமா, முதலில் ஐந்து பேர் இருக்கும் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். அது முடிந்த பிறகு வரும் நம்பிக்கை இரவல் வாங்கியது இல்லை. இன்னொன்று, இந்த நம்பிக்கை காரியத்துக்குக் காரியம் மாறும். களத்தில் சிங்கமாக நிற்பவர் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது தடுமாறலாம். "எனக்குத் தன்னம்பிக்கையே இல்லை" என்று மொத்தமாகச் சொல்லாமல், எந்தக் காரியத்தில் இல்லை என்று கேட்டுக்கொள்வது உதவும்.

"நம்பினால் முடியும்" என்பதற்கு ரோஜர் பேனிஸ்டர் கதையைச் சொல்கிறார்களே, அது உண்மையா?

கதையின் பாதி உண்மை. ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓடுவது மனிதனால் ஆகாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்களாம், 1954 மே 6-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் பேனிஸ்டர் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியதும் மனத்தடை உடைந்து வரிசையாக மற்றவர்களும் ஓடிவிட்டார்களாம். மேடைப் பேச்சுக்கு இது நன்றாக இருக்கும்.

நடந்தது இன்னும் சுவையானது. 1940-களில் ஸ்வீடனின் குண்டர் ஹாக், ஆர்னே ஆண்டர்சன் இருவரும் மாறி மாறிச் சாதனையை முறியடித்து, 1945-இலேயே அதை 4 நிமிடம் 1.4 விநாடிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மீதம் இருந்தது ஒன்றரை விநாடிதான். ஆஸ்திரேலியாவின் ஜான் லேண்டி, பேனிஸ்டருக்கு முன்பே 4 நிமிடம் 2 விநாடி சொச்சத்தில் பலமுறை ஓடியவர். பேனிஸ்டர் மருத்துவ மாணவர். தன் பயிற்சியைத் தானே அளந்து திட்டமிட்டார். அன்றைய ஓட்டத்தில் கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும் முன்னால் ஓடி அவருக்கு வேகம் பிடித்துக் கொடுத்தார்கள். 46 நாள் கழித்து ஃபின்லாந்தில் லேண்டி அந்தச் சாதனையை முறியடித்தபோது, அவரை விரட்டிக்கொண்டு பின்னால் ஓடியதும் அதே சாட்டவேதான்.

நம்பிக்கைக்கு இதில் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி, துணை, நல்ல போட்டியாளர் மூன்றையும் கழித்துவிட்டு நம்பிக்கையை மட்டும் எடுத்துச் சொல்லும்போது, கேட்பவருக்கு ஒரு அநியாயம் நடக்கிறது. அவர் தோற்றால் "நீ சரியாக நம்பவில்லை" என்று பழி அவர் தலையில் விழுகிறது.

ஜெயித்துவிட்டது போலக் கற்பனை செய்து பார்த்தால் பலன் உண்டா?

எதைக் கற்பனை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1991-இல் கேப்ரியேல் ஓட்டிங்கன், உடல் எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்ந்திருந்த பெண்களை ஓராண்டு கவனித்தார். "என்னால் குறைக்க முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் அதிகமாகக் குறைத்தார்கள். ஆனால் மெலிந்து அழகாக நிற்பது போல இனிமையாகக் கனவு கண்டவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். கனவிலேயே வந்து சேர்ந்துவிட்ட பிறகு, நடந்து போவதற்கான முனைப்பு தளர்ந்துவிடுகிறது என்பது அவருடைய விளக்கம்.

விளையாட்டு வீரர்கள் செய்யும் மனப்பயிற்சி வேறு வகை. அவர்கள் பதக்கத்தைக் கற்பனை செய்வதில்லை. செயலை, அதன் ஒவ்வொரு கட்டத்தையும், எங்கே தவறு நேரலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மைக்கேல் ஃபெல்ப்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் அவருடைய நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் சுவர் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. அவர் கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி, 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். அவருடைய பயிற்சியாளர் பாப் பௌமன், பயிற்சியின்போதே வேண்டுமென்று இடைஞ்சல்களை உண்டாக்கிப் பழக்கியவர். ஃபெல்ப்ஸும் நல்லபடியாக நடக்கும் ஓட்டத்தோடு, கெட்டுப்போகும் ஓட்டத்தையும் மனத்தில் நீந்திப் பார்த்துவிடுவார். அதனால் கண்ணாடியில் தண்ணீர் வந்தபோது, என்ன செய்வது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யோசனை முன்பே முடிந்திருந்தது.

நீங்கள் நாளை ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போகிறீர்கள் என்றால், வேலை கிடைத்த காட்சியை ஒதுக்கி வையுங்கள். பதில் தெரியாத ஒரு கேள்வி வருவதாக நினைத்து, அப்போது வாயிலிருந்து வரப்போகும் முதல் வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

இலக்கை எப்படி வைத்துக்கொள்வது?

எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல பத்தாண்டுகளாகச் செய்த ஆய்வுகளின் சாரம் இது: "முடிந்தவரை நன்றாகச் செய்" என்பதைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு அதிகம் சாதிக்க வைக்கிறது. ஆனால் அந்த வேலை உங்களுக்குப் புதிதாக இருந்தால் இது எதிர்மாறாகப் போகலாம். புதியவருக்கு எண் சார்ந்த இலக்கு அவசரத்தைத்தான் கொடுக்கும். அப்போது "இந்த மாதம் மூன்று புது முறைகளைக் கற்றுக்கொள்வேன்" என்பது போன்ற கற்றல் இலக்கு பொருத்தம்.

இலக்கைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பீட்டர் கோல்விட்சர் காட்டிய எளிய முறை அது: "இப்படி நேர்ந்தால், இதைச் செய்வேன்" என்று முன்பே ஒரு வாக்கியமாக முடிவு செய்து வைப்பது. "தினமும் படிப்பேன்" என்பது விருப்பம். "இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவியதும், மேசையில் உட்கார்ந்து முதல் கணக்கைப் போடுவேன்" என்பது ஏற்பாடு. 2006-இல் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த முறைக்குக் கணிசமான பலன் தெரிந்தது. உளவியலில் இவ்வளவு மலிவான, இவ்வளவு நம்பகமான யோசனைகள் குறைவு. ஒரே ஒரு நிபந்தனை: 'நேர்ந்தால்' என்ற பகுதி கண்ணால் பார்க்கக்கூடிய, காதால் கேட்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். "நேரம் கிடைத்தால்" என்று வைத்தால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது.

பயிற்சியில் பிரமாதமாக ஆடுகிறேன். போட்டியில் கோட்டை விட்டுவிடுகிறேன். ஏன்?

பலர் மனம் நொந்து கேட்கும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கோட்டை விடுவதில் இரண்டு வகை இருக்கிறது. முதல் வகையில், கவலை மூளையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கணக்குப் போட, பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்த ஒரு சின்ன இடம்தான் நமக்கு உண்டு. "தோற்றுவிட்டால் என்ன ஆகும்" என்ற எண்ணம் அங்கே வந்து உட்கார்ந்தால் மற்றதற்கு இடம் போதாது. தேர்வறையில் தெரிந்த விடை மறந்துபோவது இப்படித்தான்.

இரண்டாவது வகை நேர் எதிர். கை, கால் தானாகச் செய்யும் வேலையை மனம் குறுக்கே புகுந்து மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறது. சியான் பைலாக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2002-இல் அனுபவமுள்ள கால்பந்து ஆட்டக்காரர்களை, பந்தை உருட்டிச் செல்லும்போது பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். பழகிய காலிலேயே அவர்களுடைய வேகம் குறைந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கோ அதே கவனிப்பு உதவியது. கற்கும்போது தேவைப்பட்ட கவனம், கற்று முடித்த பிறகு காலைத் தட்டிவிடுகிறது.

வகை வேறு என்பதால் மருந்தும் வேறு. கைத்திறன் சார்ந்த வேலை என்றால், கவனத்தை உடம்பிலிருந்து வெளியே திருப்புங்கள்: பந்து போய் விழ வேண்டிய இடம், ஒரே ஒரு சொல், ஒரு தாளம். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்யும் ஒரு முன்சடங்கு இருந்தால் இன்னும் நல்லது. கூடைப்பந்து வீரர்கள் தனி எறிக்கு முன் பந்தை எண்ணித் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் மனத்துக்கு வேறு வேலை கொடுக்காமல் இருப்பதற்காகத்தான் அது.

தேர்வு, நேர்முகம் போன்றவை என்றால், கவலையை வெளியே கொட்டுவது சிலருக்கு உதவுகிறது. ஜெரார்டோ ராமிரெஸும் பைலாக்கும் 2011-இல் செய்த ஆய்வில், தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைக் காகிதத்தில் எழுதிய மாணவர்கள், குறிப்பாக அதிகமாகப் பயப்படுகிறவர்கள், நன்றாகச் செய்தார்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவாக ஒன்று: பதற்றத்தை அடக்கப் பார்க்காதீர்கள். படபடக்கும் நெஞ்சை "அமைதியாக இரு" என்று அதட்டினால் அது கேட்காது. அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் பாட்டு, மேடைப் பேச்சு, கணக்கு மூன்றிலும் சோதித்தார். "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்களின் திறன் கூடியது. படபடப்பு அப்படியே இருந்தது, அதற்கு அவர்கள் கொடுத்த பெயர்தான் மாறியது.

கடைசியாக, பயிற்சியைப் போட்டி போல ஆக்குங்கள். யாராவது பார்க்க வேண்டும், மதிப்பெண் போட வேண்டும், ஒரே வாய்ப்பு என்று இருக்க வேண்டும். வசதியான பயிற்சியில் வளர்ந்த திறமைக்கு நெருக்கடி எப்போதும் அந்நிய இடமாகத்தான் இருக்கும்.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் நிபுணர் ஆகலாமா?

இல்லை. ஆண்டர்ஸ் எரிக்சன் 1993-இல் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்தபோது, மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக அவ்வளவு நேரம் தனியாகப் பயின்றிருந்தார்கள். அது சராசரி. அதைத் தாண்டினால் கதவு திறக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. 2014-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விளையாட்டுத் திறனில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 18 சதவீதத்தை மட்டுமே பயிற்சி விளக்கியது. இசையில் 21, சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26. மிச்சத்தில் உடல்வாகு, தொடங்கிய வயது, ஆசிரியர், வாய்ப்பு எல்லாம் அடக்கம்.

இதைக் கேட்டு யாரும் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிட்டால், பயிற்சிதான் நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். ஆனால் அது எரிக்சன் சொன்ன வகைப் பயிற்சியாக இருக்க வேண்டும். வராத இடத்தைத் தேடிப் போவது, உடனே திருத்தம் பெறுவது, மறுபடி செய்வது. வந்ததையே திரும்பத் திரும்பச் செய்வது இதமாக இருக்கும், வளர்ச்சி இருக்காது.

குழந்தையை எப்படிப் பாராட்டுவது?

"நீ புத்திசாலி" என்பதைவிட "நன்றாக முயற்சி செய்தாய்" என்பது நல்லது. கிளாடியா மியூலரும் கரோல் ட்வெக்கும் 1998-இல் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்து எளிதான வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள், தோற்றதும் சோர்ந்தார்கள். பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் அவர்களுக்கு.

இதிலிருந்து பிறந்த 'வளரும் மனப்பான்மை' பள்ளிகளில் பெரிய இயக்கமாகவே ஆனது. 2019-இல் அமெரிக்காவில் சுமார் 12,000 மாணவர்களிடம் கவனமாக நடத்திய சோதனையில், ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த இணையப் பாடம், படிப்பில் பின்தங்கியவர்களின் சராசரி மதிப்பெண்ணை, 4 புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி உயர்த்தியது. சின்ன மாற்றம், ஆனால் அவ்வளவு சின்ன முயற்சிக்கு அது மோசமில்லை. அற்புதம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். என் கருத்து: எந்த முயற்சி, எந்த உத்தி என்று குறிப்பிடாமல் "முயற்சி செய்தாய்" என்று மட்டும் சொன்னால் குழந்தைக்கே அது பொய்யாகத் தெரியும்.

பரிசு கொடுத்தால் ஆர்வம் கூடுமா?

ஏற்கெனவே விரும்பிச் செய்யும் வேலைக்குப் பரிசு பேரம் பேசாதீர்கள். 1973-இல் மார்க் லெப்பரும் அவரோடு இருந்தவர்களும் படம் வரைவதில் ஆர்வமுள்ள சிறு குழந்தைகளுக்குச் சான்றிதழ் தருவதாக முன்பே சொல்லி வரைய வைத்தார்கள். பின்னர் அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. யாருக்குமே பிடிக்காத வேலைக்குப் பரிசு கொடுப்பதில் தவறில்லை.

எனக்கு மனஉறுதியே இல்லை. என்ன செய்வது?

முதலில், உங்களைத் திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். மனஉறுதி என்பது பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் சரக்கு என்று 1998 முதல் ஒரு கொள்கை செல்வாக்கோடு இருந்தது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000 பேருக்கு மேல் வைத்து அதைச் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறையக் காணவே இல்லை. மிட்டாயை எடுக்காமல் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்ற புகழ்பெற்ற ஆய்வும் அப்படித்தான். 2018-இல் சுமார் 900 குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியையும் சிறு வயதுத் திறன்களையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பில் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

சுயக்கட்டுப்பாடு நிறைந்தவர்கள் என்று நாம் நினைப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்? வில்ஹெல்ம் ஹாஃப்மன் குழுவினர் ஜெர்மனியில் மக்களை நாள் முழுக்கப் பின்தொடர்ந்து, "இப்போது எதையாவது ஆசைப்பட்டு அடக்குகிறீர்களா" என்று கேட்டார்கள். கட்டுப்பாடு அதிகம் என்று மதிப்பிடப்பட்டவர்கள் ஆசையோடு போராடியது குறைவுதான். சபலம் வரும் இடங்களிலேயே அவர்கள் அதிகம் நிற்பதில்லை. அலைபேசி அடுத்த அறையில் இருந்தால் அதைத் தொடாமல் இருக்க உறுதி எதற்கு?

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதுமா?

அந்த எண், முகச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழகுவதைப் பற்றி ஒரு அறுவை மருத்துவர் 1960-இல் எழுதியதிலிருந்து வந்தது. அவரும் 'குறைந்தது' என்றுதான் எழுதினார். லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 முதல் 254 வரை போனது. ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. விட்ட நாளுக்காகச் சோர்ந்துபோய் மொத்தமாகக் கைவிடுவதுதான் பாதகம்.

எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறேனே?

தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று நினைக்கிறோம். அந்த வேலையை நினைத்தாலே வரும் எரிச்சல், பயம், சலிப்பு இவற்றிலிருந்து தப்பிப்பதுதான் அது. 2010-இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டுப் படித்ததற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். குற்ற உணர்வு அந்த வேலையை இன்னும் கசப்பாக்குகிறது, அவ்வளவுதான் அதன் பயன்.

தொழிலில் துணிந்து பெரிய ரிஸ்க் எடுப்பவர்கள்தான் ஜெயிக்கிறார்களா?

வெளியிலிருந்து பார்க்கும்போது அப்படித் தெரிகிறது. சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர், நிறுவனங்களைக் கட்டியெழுப்பிய 27 தேர்ந்த தொழில்முனைவோரிடம் ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கவனித்தார். "எவ்வளவு லாபம் வரும்" என்று அவர்கள் தொடங்கவில்லை. "எவ்வளவு போனால் தாங்குவேன்" என்றுதான் தொடங்கினார்கள். கையில் இருப்பது என்ன, தெரிந்தவர்கள் யார், இழந்தாலும் விழாமல் நிற்கக்கூடிய தொகை எவ்வளவு என்று பார்த்து, அந்த அளவுக்குள் அடியெடுத்து வைக்கிறார்கள்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது வயதில் தொடங்காவிட்டால் காலம் போய்விட்டது என்று கலங்குகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலான புது நிறுவனங்களை எடுத்துப் பார்த்தால், தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே துறையில் வேலை பார்த்த அனுபவம் அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

திட்டமிட்ட நாளில் எதுவுமே முடிவதில்லையே?

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1994-இல் ரோஜர் பியூலர் குழுவினர், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்கூட 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாள். சிட்னி ஓபரா ஹவுஸ் 1963-இல் 70 லட்சம் டாலரில் முடிய வேண்டியது. 1973-இல் 10 கோடியே 20 லட்சம் டாலரில் முடிந்தது.

நம் திட்டத்தை உள்ளிருந்து பார்ப்பதுதான் காரணம். இதே போன்ற வேலை சென்ற முறை எத்தனை நாள் பிடித்தது என்ற கணக்கிலிருந்து தொடங்கினால் ஓரளவு சரியாக வரும். கேரி க்ளைன் சொல்லும் இன்னொரு வழி குழுக்களுக்கு ரொம்பவே பொருந்தும்: வேலை தொடங்கும் முன்பே, "இது படுதோல்வி அடைந்துவிட்டது, ஏன்?" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதச் சொல்வது. நிர்வாகியிடம் "இது நடக்காது" என்று சொல்லத் தயங்கும் ஊழியர்கூட இந்தக் கேள்விக்கு மனம் திறந்து எழுதுவார்.

எப்போது விடாமல் பிடிக்க வேண்டும், எப்போது கைவிட வேண்டும்?

விடாமுயற்சியைப் புகழ்ந்து பேசுபவர்கள் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். போட்ட பணமும் உழைப்பும் வீணாகிவிடுமே என்று மேலும் போட்டுக்கொண்டே போவது மனித இயல்பு. கான்கார்ட் விமானம் லாபம் தராது என்பது தெளிவான பிறகும் பிரிட்டனும் பிரான்ஸும் அதற்குச் செலவு செய்துகொண்டே இருந்தன.

ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டைப் பாருங்கள். அவருடைய குழு உருவாக்கிய ஓர் இணைய விளையாட்டு எடுபடவில்லை. அதிலிருந்து புகைப்படத் தளமான ஃப்ளிக்கர் 2004-இல் பிறந்தது. மறுபடியும் ஒரு விளையாட்டு, கிளிட்ச். அதை 2012-இல் மூடினார். அந்த வேலைக்காகத் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்து வைத்திருந்த கருவிதான் ஸ்லாக். 2021-இல் அது 2,770 கோடி டாலருக்கு விலைபோனது. விளையாட்டைக் கைவிட மனம் வந்ததால்தான் அது சாத்தியமானது.

முடிவை எடுக்கும் நேரம்தான் இங்கே முக்கியம். தோல்வியின் நடுவில் நின்றுகொண்டு தெளிவாக யோசிக்க யாராலும் முடியாது. தொடங்கும்போதே எழுதி வையுங்கள்: இந்தத் தேதிக்குள் இது நடக்கவில்லை என்றால், அல்லது இந்தத் தொகைக்கு மேல் போனால், நிறுத்துகிறேன். அதை உங்கள்மேல் அக்கறையுள்ள ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பெரிய தோல்விக்குப் பிறகு எப்படி மீள்வது?

2024 நவம்பர், டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்கப் போட்டியில் 18 வயது குகேஷ், டிங் லிரெனிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். மூன்றாவதில் ஜெயித்துச் சமன் செய்தார். 11-ஆவது ஆட்டத்தில் முன்னிலை பெற்றார், மறுநாளே 12-ஆவதைப் பறிகொடுத்தார். முன்னிலையை இழந்த அடுத்த நாள்கள் எவ்வளவு கனமாக இருந்திருக்கும்! 14-ஆவது ஆட்டத்தில் ஜெயித்து, 7.5–6.5 என்ற கணக்கில் உலக சாம்பியன் ஆனார். அந்தப் போட்டிக்கு அவர் மனப்பயிற்சியாளர் பேடி அப்டனோடு சேர்ந்து தயாராகியிருந்தார்.

மீள்வதற்கு உளவியல் சொல்லும் வழியில் ஒரு கூறு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: தோல்விக்கான காரணத்தைச் சின்னதாக, திருத்தக்கூடியதாகச் சொல்லிக்கொள்வது. "எனக்கு லாயக்கில்லை" என்றால் செய்ய ஒன்றுமில்லை. "நேரம் குறையும்போது அவசரப்படுகிறேன்" என்றால் நாளையே அதைப் பழகலாம். அப்புறம், தோற்ற அன்றே அலசி ஆராயாதீர்கள். சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் உட்காருங்கள்.

இதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டா?

நிறைய. ஜெயித்தவர்களை மட்டும் பார்த்துப் பாடம் கற்பதில் ஆபத்து இருக்கிறது. அதே பழக்கங்களோடு தோற்றவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியலாளர் இதை அழகாகக் காட்டினார். திரும்பி வந்த விமானங்களில் குண்டு துளைத்திருந்த இடங்களைப் பலப்படுத்தத் தோன்றும். அவரோ துளை இல்லாத இடங்களைத்தான் பலப்படுத்தச் சொன்னார். அங்கே அடிபட்டவை திரும்பி வரவே இல்லை.

இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் உளவியலாளர் டேனியல் கானமன் கண்டதிலும் அதிர்ஷ்டத்தின் கை இருந்தது. பாராட்டினால் மாணவர்கள் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார்கள், திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள் என்று பயிற்சியாளர்கள் நம்பினார்கள். மிக நன்றாக அமைந்த ஒன்றுக்கு அடுத்தது சுமாராகவும், மிக மோசமானதற்கு அடுத்தது பரவாயில்லாமலும் இருப்பது வெறும் இயல்பு. திட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயிற்சியாளர்களும் பெற்றோரும் மேலாளர்களும் இதைத் தெரிந்துகொண்டால் எத்தனையோ பேர் வீணாக ஏச்சு வாங்காமல் தப்புவார்கள்.

ஜெயித்த பிறகும் மகிழ்ச்சி இல்லையே, அது ஏன்?

மனம் ஒப்பிட்டுப் பார்த்தே மகிழ்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை ஆராய்ந்தபோது, வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரருக்குத் தவறிய தங்கம் உறுத்துகிறது, வெண்கலக்காரருக்கோ பதக்கமே இல்லாமல் போயிருக்கலாமே என்ற நிம்மதி. தங்கம் வென்றவர்களும் இந்த வெறுமையிலிருந்து தப்புவதில்லை. ஒலிம்பிக் முடிந்த பிறகு தன்னை மனச்சோர்வு ஆட்கொண்டதை ஃபெல்ப்ஸே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பல வருடம் நாளை ஒழுங்குபடுத்தி வைத்திருந்த இலக்கு ஒரே நாளில் இல்லாமல் போகும்போது அப்படி ஆவது இயல்பு. பெரிய தேர்வோ பெரிய திட்டமோ முடியப் போகிறது என்றால், அடுத்த இரண்டு வாரம் என்ன செய்யப் போகிறோம் என்பதை முடியும் முன்பே எழுதி வைப்பது நல்லது.

எப்போது உளவியலாளரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் தாழ்ந்தே இருந்தால், தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், பிடித்த வேலையே வெறுத்துப்போனால் தாமதிக்காமல் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள்.

உதவி கேட்டால் பலவீனம் என்று தயங்குகிறவர்களுக்கு அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸைத்தான் காட்டுவேன். 2021-இல் டோக்கியோவில், காற்றில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பியதால், அவர் அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகினார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது, விமர்சனமும் குறைவில்லை. சில நாளில் சமநிலைக் கட்டையில் மட்டும் இறங்கி வெண்கலம் வென்றார். சிகிச்சையும் ஓய்வும் எடுத்துக்கொண்டு 2024-இல் பாரிஸுக்குப் போனார்; மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார்.